கை வைப்பவர் யார்? அயல்நாட்டு வாழ்வும் தீராத முதுகுவலியும்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் கூடுமிடத்தில் விசா, வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பேசி முடிந்ததும் யாராவது ஒருவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்திருப்பார். பேச்சு முதுகுவலிக்குத் திரும்பும். ஆளுக்கொரு யோசனை வரும். ஒருவர் தாய் மசாஜுக்குப் போகச் சொல்வார். இன்னொருவர் தனக்குத் தெரிந்த சீன வைத்தியரைச் சொல்வார். டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பிசியோவிடம் போ என்பார் மூன்றாமவர். ஊருக்குப் போகும்போது கேரளத்தில் பதினைந்து நாள் படுத்துவிட்டு வா என்று முடித்துவைப்பார் வயதில் மூத்தவர்.

இந்த யோசனைகளுக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. நாள்பட்ட முதுகுவலிக்கு மசாஜ் உதவுமா என்பது ஒன்று. நாம் வாழும் நாட்டில் மசாஜ் செய்யும் உரிமை யாருக்கு, எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய செலவில் என்பது மற்றொன்று. முதல் கேள்வியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் பதில் அடக்கமானது, எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவதன் பதில் எல்லைக்கு எல்லை மாறுகிறது. அயல்நாட்டில் இருப்பவர் பெரும்பாலும் முதல் கேள்வியைத்தான் கேட்கிறார். அவரை ஏமாற்றத்திலோ ஆபத்திலோ கொண்டுபோய் நிறுத்துவது இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான்.

வலியும் ஸ்கேனும்

உலகில் மனிதர்களை மிகுதியாக முடக்கிப்போடும் உடல்நலக் குறை கீழ்முதுகு வலி. 2020இல் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது என்றும், 2050க்குள் அது 84.3 கோடியாகும் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிடுகிறது. மூன்று மாதங்களைத் தாண்டி நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அப்படிப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று விரல் வைத்துக் காரணம் காட்ட முடிவதில்லை.

இதை ஏற்றுக்கொள்வது யாருக்கும் கடினம். ஸ்கேன் எடுத்ததும் "ஜவ்வு விலகியிருக்கு" என்று ஒரு வரி கிடைக்கிறது. அந்த வரி வாழ்நாள் முழுக்கக் கூடவே வருகிறது. ஆனால் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் பலருக்கு இதுபோன்ற வரி கிடைக்கும். முதுகுவலி இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் ஜவ்வு எனப்படும் வட்டில் தேய்மானம் இருந்தது. நரைமுடியைப் போல அதுவும் பெரும்பாலும் வயதின் அடையாளம். எனவே "விலகிய ஜவ்வை உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்று ஒரு மசாஜ்காரர் சொன்னால் இரண்டு இடங்களில் சந்தேகப்பட வேண்டும். வலிக்குக் காரணம் அந்த ஜவ்வுதானா என்பதே உறுதியில்லை. காரணம் அதுவே என்றாலும், தோலுக்கு மேலிருந்து அழுத்தும் கை அதை இடம் மாற்றுவதில்லை.

ஆய்வுகள் சொல்வது

மசாஜ் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவற்றில் முக்கியமானது 2015இல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு. 25 சோதனைகள், 3,096 நோயாளிகள். நாள்பட்ட வலிக்காரர்களுக்கு, எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களோடு ஒப்பிடும்போது, குறுகிய காலத்தில் வலி குறைகிறது. நீண்ட காலத்தில் அந்த வேறுபாடு தெரியவில்லை. பெரிய பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் சோதனைகளின் தரம் குறைவாக இருந்ததால், மசாஜ் பலன் தரும் சிகிச்சை என்று சொல்வதில் தங்களுக்கு மிகக் குறைந்த நம்பிக்கையே இருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

தரக்குறைவுக்கு ஒரு காரணம் இந்தச் சிகிச்சையின் இயல்பிலேயே இருக்கிறது. மாத்திரை என்றால் சர்க்கரை உருண்டையைப் போலி மாத்திரையாகக் கொடுத்துச் சோதிக்கலாம். முதுகில் கை படுகிறதா இல்லையா என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க முடியாது. தனக்கு மசாஜ் கிடைக்கவில்லை என்று தெரிந்தவர் "எனக்கு ஒன்றும் குறையவில்லை" என்று சொல்வது எதிர்பார்க்கக் கூடியதே.

இந்தக் குறையோடு சேர்த்தே படிக்க வேண்டிய சோதனை ஒன்று அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நடந்து 2011இல் வெளியானது. 401 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடலைத் தளர்த்தும் சாதாரண மசாஜ். இன்னொன்றுக்குத் தசை, மூட்டு அமைப்பை அறிந்து குறிப்பிட்ட இடங்களைத் தேடிச் செய்யும் மசாஜ். மூன்றாவது குழு வழக்கமான மருத்துவத்தோடு நின்றது. மசாஜ் குழுக்களுக்கு வாரம் ஒரு முறை வீதம் பத்து வாரம். முடிவில் மசாஜ் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வலி மிகவும் குறைந்தது அல்லது போய்விட்டது என்றார்கள். மூன்றாவது குழுவில் அப்படிச் சொன்னவர்கள் 25 பேருக்கு ஒருவர். ஆறு மாதம் வரை அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் பலன் தெரிந்தது. ஓராண்டில் அது மிகச் சிறியதாகிவிட்டது. இரு வகை மசாஜுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 2005இல் தாய்லாந்தில் 180 முதுகுவலி நோயாளிகளிடம் தாய் மசாஜையும் ஸ்வீடிஷ் மசாஜையும் ஒப்பிட்டபோதும் அதே கதைதான். இரண்டிலும் வலி பாதிக்கு மேல் குறைந்தது, ஒன்று மற்றொன்றை வெல்லவில்லை.

எந்தப் பாணி என்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் விவாதிக்கிறோம். தாய் மசாஜா, சீனத்துத் துய்நாவா, ஜப்பானிய ஷியாட்சுவா என்று கடைகளும் அப்படித்தான் பெயர்ப்பலகை வைக்கின்றன. சோதனைகளில் மிகக் குறைவாக வேறுபடுவது அதுவே.

மருத்துவ வழிகாட்டுதல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டுப் பரிந்துரை, புதிதாக வந்த வலிக்கு மசாஜைச் சேர்த்தது, நாள்பட்ட வலிக்கான பட்டியலில் விட்டுவிட்டது. அதே ஆண்டு ஜெர்மனியின் தேசிய வழிகாட்டுதல் தலைகீழாகச் சொன்னது: புதிய வலிக்கு மசாஜ் வேண்டாம், நாள்பட்ட வலிக்கு உடலை இயக்கும் சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் உடற்பயிற்சி அடங்கிய தொகுப்பின் ஒரு பகுதியாக மட்டுமே மசாஜ் உள்ளிட்ட கைச்சிகிச்சையை அனுமதித்தது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதன்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டபோது விளக்கக் கல்வி, உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை ஆகியவற்றோடு மசாஜையும் நிபந்தனையுடன் ஏற்றது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு வலிமருந்து ஆகியவை வேண்டாம் என்றது. பலவீனமான ஆதாரத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும்போது இப்படி ஆளுக்கொரு கோடு கிழிப்பது இயற்கை. நாள்பட்ட வலிக்கு மசாஜை ஏற்றவர்களிடம் ஒரு பொதுத்தன்மை உண்டு. மசாஜ் மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை.

கை என்ன செய்கிறது?

கழிவுகளை வெளியேற்றுகிறது, முடிச்சுகளை உடைக்கிறது, எலும்பை நேராக்குகிறது என்று கடைச் சுவர்களில் எழுதியிருக்கும். இவற்றுக்கு நல்ல ஆதாரமில்லை. நரம்பு மண்டலத்தின் வழியாக வரும் விளக்கமே பொருத்தமாக இருக்கிறது. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் முன்வைத்த வாயில் கோட்பாட்டின்படி, தொடுதலும் அழுத்தமும் தரும் செய்திகள் முதுகுத் தண்டிலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தானாகவே தேய்த்துக்கொள்வது இதனால்தான். அடுத்தது, உடல் ஓய்வுநிலைக்கு இறங்குவதும் அன்றிரவு தூக்கம் வருவதும். நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே எச்சரிக்கை மிகுந்து கிடக்கிறது. குனிந்தால் ஏதோ ஒடிந்துவிடும் என்ற பயத்தில் உடம்பு இறுகுகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது. ஒரு மணி நேரம் பயமில்லாமல் தொடப்படுவது அந்தச் சுற்றைக் கொஞ்சம் தளர்த்துகிறது.

மசாஜ் தரும் நிவாரணம் கைமாற்றாக வாங்கிய பணம் மாதிரி. சில நாள் கையில் இருக்கும். அதற்குள் நடந்து, குனிந்து, மாடியேறி, "என் முதுகு தாங்கும்" என்று உடம்புக்குப் பழக்கிவிட்டால் அது முதலீடு. சோபாவில் சாய்ந்தே கழித்துவிட்டால் அடுத்த வாரம் மறுபடியும் கைமாற்றுக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

ஒரே வேலை, நாட்டுக்கு நாடு வேறு துறை

ஜெர்மனியில் மசாஜ் மருத்துவத்தின் ஒரு பகுதி. மருத்துவர் சீட்டு எழுத வேண்டும். ஒரு சீட்டுக்குப் பெரும்பாலும் ஆறு முறை. முறைக்கு 15 முதல் 20 நிமிடம். சீட்டு கிடைத்த 28 நாட்களுக்குள் தொடங்காவிட்டால் அது செல்லாது. பொதுக் காப்பீட்டில் உள்ள வயதுவந்தவர் செலவில் 10 சதவீதமும் சீட்டுக்கு 10 யூரோவும் கட்டுகிறார், மீதியைக் காப்பீடு ஏற்கிறது. செய்பவர் அரசுத் தேர்வு எழுதிய மசாஜ் சிகிச்சையாளராகவோ பிசியோதெரபிஸ்டாகவோ இருப்பார். புதிதாகப் போகும் நம்மவர் இங்கே ஏமாறுவது வேறு விதத்தில். எண்ணெய் மணமும் மங்கிய விளக்கும் எதிர்பார்த்துப் போனவருக்கு வெள்ளை வெளிச்சத்தில் ஒரு கட்டிலும் சுருக்கமான சிகிச்சையும் கிடைக்கும். பல மருத்துவர்கள் மசாஜுக்குப் பதில் பயிற்சிச் சிகிச்சையைத்தான் எழுதுவார்கள். "மசாஜ் தரமாட்டேன் என்கிறார்" என்று அங்குள்ளவர்கள் குறைப்படுவதைக் கேட்கலாம். ஆய்வுகளைப் பார்த்தால் மருத்துவர் பக்கமே நியாயம் அதிகம். வீதிகளில் உள்ள வெல்னஸ் கடைகள் தனி உலகம். நோய் தீர்ப்பதாகச் சொல்லும் உரிமை அவற்றுக்குச் சட்டப்படி இல்லை.

பிரிட்டனில் இன்றைய பிசியோதெரபித் தொழிலே மசாஜிலிருந்து பிறந்தது. 1890களில் லண்டன் மசாஜ் நிலையங்கள் சில விபசார விடுதிகளுக்கு மறைப்பாக இருப்பதாகப் பத்திரிகைகளில் அமளி எழுந்தது. தங்கள் தொழிலின் மானத்தைக் காக்க 1894இல் நான்கு செவிலியர்கள் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்டிர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுவே வளர்ந்து இன்றைய பட்டய பிசியோதெரபி சங்கம் ஆனது. பிசியோதெரபிஸ்ட் என்ற பட்டத்துக்கு இன்று அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. மசாஜ் தெரபிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம், பதிவு அவரவர் விருப்பம். பொதுச் சுகாதாரச் சேவையில் மசாஜ் மட்டும் தனியாகக் கிடைப்பது அரிது.

கனடாவில் ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் ஒன்டாரியோ உள்ளிட்ட சில மாகாணங்களில் பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளர் என்பது சட்டத்தின் காவலில் உள்ள பட்டம். கல்லூரி என்ற பெயரில் ஒழுங்காற்று அமைப்பு ஒன்று உண்டு. புகார் கொடுக்க இடம் உண்டு, பதிவேட்டில் பெயரைச் சரிபார்க்கலாம். ஆனால் அரசின் மருத்துவத் திட்டம் பொதுவாக இதற்குப் பணம் கொடுப்பதில்லை. வேலையிடம் தரும் கூடுதல் காப்பீடு இருந்தால் ஆண்டுக்கு ஒரு வரம்பு வரை திரும்பப் பெறலாம். அலுவலக வேலைக்காரருக்கு அது இருக்கிறது. கிடங்கில் பெட்டி தூக்குபவருக்கும், ஏஜென்சி மூலம் இரவு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் பெரும்பாலும் இல்லை. முதுகு அதிகம் தேய்பவருக்கு மசாஜ் குறைவாகக் கிடைக்கும் ஏற்பாடு இது.

அமெரிக்காவிலும் பெரும்பாலான மாநிலங்கள் உரிமம் கேட்கின்றன. ஆனால் முதியோருக்கான மெடிகேர் மசாஜுக்குப் பணம் தருவதில்லை. பிள்ளைகளோடு குடியேறி அங்கேயே முதுமை அடையும் பெற்றோர் இதைக் கைக்காசில்தான் செய்துகொள்ள வேண்டும்.

கிழக்காசியாவுக்குப் போனால் மசாஜ் இன்னொரு துறைக்குள் நுழைகிறது. ஜப்பானில் இது பார்வையற்றோரின் தொழிலாக நூற்றாண்டுகளாக வேரூன்றியது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, தானே பார்வையற்றவரான சுகியாமா வாயிச்சி என்ற மருத்துவர் பார்வையற்றோருக்கு அக்குபங்சரும் மசாஜும் கற்பிக்கும் பள்ளிகளை நிறுவினார். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அன்மா (ஜப்பானிய மரபு முறை), மசாஜ், ஷியாட்சு செய்ய மூன்றாண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் வேண்டும். ஆனாலும் டோக்கியோ வீதிகளில் கண்ணில் படும் கடைகளில் பல இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. 'செய்தாய்' (seitai), உடல்தளர்த்தல், ரிலாக்சேஷன் என்ற பெயர்களில் உரிமமின்றி நடக்கின்றன. இத்தகைய இடங்களில் ஏற்பட்ட காயங்களைப் பற்றி அந்நாட்டின் நுகர்வோர் முகமையே 2017இல் எச்சரித்தது. மருத்துவக் காப்பீடு சுளுக்குக்கும், மருத்துவர் ஒப்புதலோடு பக்கவாதம், மூட்டு இறுக்கம் போன்றவற்றுக்கும் கைகொடுக்கும். நாள்பட்ட முதுகு இறுக்கத்துக்கு வராது. மலிவு விலையைப் பார்த்துக் கடைக்குள் நுழையும் வெளிநாட்டவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர ஆளில்லை.

தென்கொரியாவில் மசாஜ் தொழில் சட்டப்படி பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. மற்றவர்களின் தொழிலுரிமையைப் பறிக்கிறது என்று 2006இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. பார்வையற்றோர் சியோலில் ஹான் ஆற்றுப் பாலத்திலிருந்து குதித்துப் போராடினார்கள். நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது, 2008இல் நீதிமன்றம் அதை ஏற்றது. அதே ஆண்டு தைவானின் நீதிமன்றம் இதே போன்ற விதியை எதிர்த்திசையில் தீர்த்தது. எல்லோருக்கும் தொழிலைத் திறந்துவிட மூன்றாண்டு அவகாசம் கொடுத்தது. இரு நாடுகளிலும் வழக்கின் மையத்தில் நின்றது நோயாளியின் முதுகு அல்ல, ஒரு சமூகத்தின் பிழைப்பு. சியோலில் நாம் காணும் தாய், சீன மசாஜ் கடைகள் பல இன்றும் சட்டத்தின் ஓரத்தில் நிற்பவை என்பது போய்ப் படுப்பவருக்குத் தெரிவதில்லை.

மலேசியாவில் பார்வையற்றோர் மசாஜ் மரபைத் தமிழர்கள் நேரே அறிவார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் தமிழ்க் கடைத்தெருவாகவும், மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் இடமாகவும் ஒருசேர வளர்ந்தது. அங்கே சாப்பாட்டுக் கடைக்கும் பூக்கடைக்கும் இடையில் பார்வையற்றோர் மசாஜ் நிலையங்கள் நடக்கின்றன. 2016இல் வந்த பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் மலாய், சீன, இந்திய மரபுகளைத் தனித்தனித் துறைகளாக ஏற்று, பதிவுமுறையையும் ஏற்படுத்தியது.

தாய்லாந்தில் மசாஜ் ஒரே நேரத்தில் மருத்துவம், மரபு, சுற்றுலா. பாங்காக்கின் வாட் போ கோயிலை 1830களில் மூன்றாம் ராமா புதுப்பித்தபோது மருத்துவ அறிவைக் கல்லில் பொறித்தார்கள். உடலில் ஓடும் கோடுகளையும் அழுத்த வேண்டிய இடங்களையும் காட்டும் படங்கள் அவற்றில் உண்டு. அந்தக் கல்வெட்டுத் தொகுதி 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும், நுவாட் தாய் என்ற மசாஜ் மரபு 2019இல் அதன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறின. தாய் மசாஜ்காரர்கள் வேலைக்கு முன் வணங்கும் ஆதிகுரு புத்தரின் மருத்துவரான ஜீவகர். அரசு மருத்துவமனைகளில் இது சிகிச்சையாகவே தரப்படுகிறது. தெருக்கடைகளில் வேலை செய்பவர் 150 மணி நேரப் படிப்பு முடித்திருந்தால் போதும். இரண்டும் ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன. நாள்பட்ட வலியோடு பாங்காக்கிலோ சியாங் மாயிலோ வசிப்பவர் தெருமுனைக் கடையை விட்டு மருத்துவமனையின் பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் தேடுவது நல்லது.

சிங்கப்பூரில் மசாஜ் நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பது காவல்துறை. 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம் அதற்கு இருக்கிறது. துபாயில் கார்க் கண்ணாடிகளில் செருகப்படும் மசாஜ் அட்டைகளை நம்பிப் போய்ப் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றிக் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. வளைகுடாவில் கட்டட வேலை செய்யும் தொழிலாளிக்கு முதுகுவலி தொழிலோடு வருவது. ஆனால் மசாஜ் அவருக்குச் சிகிச்சையாக அறிமுகமாவதில்லை. அறைத்தோழர் தைலம் தேய்த்துவிடுவதுதான் அவருக்குக் கிடைக்கும் மசாஜ். பெரும்பாலும் அது கெடுதல் செய்வதும் இல்லை.

ஒரே வேலை ஜெர்மனியில் மருந்துச் சீட்டு, கனடாவில் சம்பளச் சலுகை, கொரியாவில் சமூகநீதி, தாய்லாந்தில் பாரம்பரியப் பெருமை, சிங்கப்பூரில் சட்டம்-ஒழுங்கு. எந்தத் துறைக்குள் வைக்கப்பட்டிருக்கிறதோ அதற்கேற்பத்தான் செய்பவரின் பயிற்சி, நேரம், விலை, புகார் சொல்லும் வழி எல்லாம் அமைகின்றன.

குடியேறியவரின் முதுகு

இதற்கு மேல் குடியேறியவருக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. முதலாவது, வலியைச் சொல்வது. கடுக்கிறது, இழுக்கிறது, சுரீரென்கிறது, மரத்துப்போகிறது என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் அயல்மொழியில் ஒற்றை வலியாகச் சுருங்கிவிடும். மரத்துப்போவதும் காலில் சுரீரென்று இறங்குவதும் நரம்பு அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் இந்தச் சுருக்கம் ஆபத்தானது. உடல் படம் ஒன்றில் இடத்தைக் குறித்து, பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணால் அளவு சொல்வது எந்த நாட்டிலும் புரியும். மெதுவாக என்பதற்கான உள்ளூர்ச் சொல்லைப் போகும் முன்பே தெரிந்துகொள்ளலாம். தாய்லாந்தில் "பாவ் பாவ்" என்றால் கை தளரும்.

இரண்டாவது, கூச்சம். தாய் மசாஜ் உடையோடு நடப்பது. ஸ்வீடிஷ் வகைக்கு மேலாடை களைய வேண்டும், துண்டு போர்த்துவார்கள். பெண்கள் பெண் சிகிச்சையாளரைக் கேட்கலாம். முன்பதிவின்போதே கேட்பது எங்கும் சாதாரணம். வலித்தாலும் பெரியவர் மனம் நோகும் என்று பல்லைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். வலிக்க வலிக்க அழுத்தினால்தான் பலன் என்பதற்கு ஆதாரமில்லை. சியாட்டில் சோதனையில் மென்மையான மசாஜும் அதே பலனைத்தான் தந்தது.

மூன்றாவது, ஊருக்குப் போய்ச் செய்துகொள்வது. சித்த மருத்துவத்தின் தொக்கணம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலான ஒன்பது கைமுறைகளை வகுத்த மரபு. ஆயுர்வேத எண்ணெய்ச் சிகிச்சையும் பலருக்கு இதமளிக்கிறது. சிக்கல் கால அட்டவணையில் இருக்கிறது. விடுமுறையில் தினமும் சிகிச்சை, தூக்கம், வீட்டுச் சாப்பாடு, மொழி தெரிந்த கை, வேலை அழுத்தமின்மை எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. வலி குறைந்ததில் எண்ணெயின் பங்கு எவ்வளவு, விடுமுறையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிறகு நீண்ட விமானப் பயணம், அதே நாற்காலி, அதே குளிர். சில வாரங்களில் வலி திரும்பினால் சிகிச்சையைக் குறை சொல்ல இடமில்லை. ஓராண்டின் மற்ற மாதங்களுக்கு என்ன திட்டம் என்பதே கேள்வி.

எப்போது கூடாது

சில அறிகுறிகள் இருந்தால் மசாஜுக்கு முன் மருத்துவர். சிறுநீர், மலம் கழிப்பதில் திடீர் மாற்றம், தொடையிடுக்கில் உணர்வு மரத்தல், கால்கள் பலவீனமாதல் ஆகியவை தண்டுவட நரம்புக்கொத்து நசுங்குவதன் அறிகுறிகள். அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வலி, காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது, நீண்டகால ஸ்டீராய்டு, எலும்புச் சிதைவு ஆகியவை இருந்தாலும் மசாஜுக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 45 வயதுக்குள் தொடங்கி, காலையில் விறைப்பாக இருந்து நடமாடினால் குறையும் வலி முதுகெலும்பின் அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு. மசாஜில் ஆறுதல் தேடிக்கொண்டே ஆண்டுகளைக் கழிப்பவர்கள் இந்த வகையில் அதிகம் இழக்கிறார்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதை அழுத்தவே கூடாது, உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுபவர் முன்பே சொல்லிவிட வேண்டும். கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பது அரிதாகவேனும் கழுத்துத் தமனியைக் கிழித்திருக்கிறது. முதுகுக்காகப் போனவர் கழுத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

எதற்குப் பணம் கொடுப்பது?

நாள்பட்ட முதுகுவலிக்கு மசாஜ் ஏமாற்று அல்ல, தீர்வும் அல்ல. சில வாரம் முதல் சில மாதம் வரை வலியைக் குறைக்கும் துணைச் சிகிச்சை அது. பாணி எதுவாகவும் இருக்கலாம். தேர்ந்தெடுக்க வேண்டியது ஆளை. அந்த நாட்டில் மசாஜ் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, இவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, தொடங்கும் முன் என் நோய் வரலாற்றைக் கேட்டாரா, நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறாரா, வீட்டில் செய்ய எனக்கு ஏதாவது பயிற்சி சொன்னாரா? இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால் போகலாம். முதல் நாளே இருபது முறைக்கான தொகுப்பை விற்க வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

பணத்துக்கும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். சியாட்டில் சோதனையில் பத்து முறைதான் கொடுத்தார்கள். அதையே ஒரு அளவுகோலாகக் கொள்ளலாம். தொடங்கும் நாளில் எவ்வளவு நேரம் வலியின்றி உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, குழந்தையைத் தூக்க முடிகிறதா என்று எழுதி வைக்க வேண்டும். பத்தாவது முறைக்குப் பின் அந்தக் குறிப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். நடை தூரம் கூடியிருந்தால் இடைவெளியை அதிகமாக்கிக்கொண்டே போய், பயிற்சியைக் கூட்டி, மசாஜைக் குறைக்கலாம். படுக்கையில் இருந்த ஒரு மணி நேரம் சுகமாக இருந்தது என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை என்றால், அந்தச் சுகத்துக்காகவே போவதிலும் தவறில்லை. அதைச் சிகிச்சைக் கணக்கில் எழுதாமல், சிகிச்சைக்கென்று ஒதுக்கிய பணத்தை ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் கொண்டுபோக வேண்டும்.